வியாழக்கிழமைப் பள்ளங்கள்

காயானி நகரத்துச் சாலைகளில்
விடிகாலை மூன்று மணிக்குப்
பனியை வழித்துத் தள்ளுகிறவள் ஹில்க்கா.
வெளியே கழித்தல் இருபத்தேழு.
உள்ளே ஆறு புள்ளி நான்கு.
முதல் எண்ணை வானொலி சொன்னது,
இரண்டாவதை
இடது மேற்கையில் சட்டைப் பொத்தான்போல்
ஒட்டியிருக்கும் வில்லை.

(நம் ஊர்க் கணக்கில் எழுபது,
அந்த ஊரில் நான்கு.
அதற்குக் கீழே போனால் கை நடுங்கும்.)

அம்பு படுத்திருந்தால் அடுத்த தெருவுக்குப் போகலாம்.
சாய்ந்தால் பள்ளிக்கூடத் திருப்பத்தில்
ஒரு வாய் பழச்சாறு.
தலைகுப்புற நின்றால்
வண்டியை ஓரங்கட்டி, நான்கு சர்க்கரைக் கட்டிகளை
வாயில் அடக்கிக்கொண்டு
பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
அதற்குள் வழித்த தெரு மறுபடி வெளுத்துவிடும்.
அதற்கெல்லாம் யாரும் புகார் எழுதியதில்லை,
ஒருவரைத் தவிர.

பதினோரு வருடமாகக் கோட்டைப் படிக்கிறாள்.
சவுனாவின் வெக்கையில்
இன்சுலின் குதிரையேறி ஓடும்.
ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டி ஒன்று தின்றால் மலை.
இரண்டு தின்றால் இரண்டு மலை அல்ல,
இறங்க வழியில்லாத ஒரே மலை.
தங்கை போனில் கூப்பிட்டால் இரண்டு புள்ளி ஏறும்.
பேச்சில் ஒரு துளி இனிப்பில்லாதவள்
எதைக்கொண்டு ஏற்றுகிறாள்?

நர்ஸ் மர்யுக்கா
நாற்பத்திரண்டு நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
திரையை அவள் பக்கம் திருப்பினாள்.
"இது என்ன?
வியாழன் தோறும், இரவு ஒரு மணிவாக்கில்,
செங்குத்தாக மூன்றுக்குக் கீழே.
அரைமணியில் ஒன்றும் சாப்பிடாமல்
தானே எழுந்துவிடுகிறது.
நிஜமான தாழ்வு இப்படி எழாது.
கையை அழுத்திப் படுத்தால் வில்லை பொய் சொல்லும்.
வியாழக்கிழமை மட்டும் இடப்பக்கம் படுப்பீர்களோ?"

"இருக்கலாம்," என்றாள் ஹில்க்கா.
ஐம்பத்தெட்டு வயதுக் காதுகள் இரண்டும்
அடுப்புக்கல்லாய்ச் சுட்டன.

படுத்தது அவள் அல்ல.
பாடற்குழுப் பயிற்சி முடிந்து
கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட தாவெத்தியின் தலை.
ஆறு வாரமாகத் தவறவிடுகிறார்.
தெரு பாதி வழித்துக் கிடக்கிறதென்று
நகராட்சிக்கு நீண்ட கடிதம் எழுதிய அதே ஆள்.
காரணம் சொல்லப் போனவள்
சட்டைப்பையிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை
மேசைமேல் கொட்டிக் காட்டினாள்.
அவர் காப்பி போட்டார்.
ஒரு கட்டியை எடுத்துத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டார்.

ஊர் இன்னும் அலர் தூற்றத் தொடங்கவில்லை.
கையில் ஒட்டியது முந்திக்கொண்டது.

துர்க்குவிலிருந்து மகளும் அந்தக் கோட்டைப் பார்க்கிறாள்.
வெள்ளி காலையில் போன்:
"அம்மா, ராத்திரி மறுபடி விழுந்தாயா?"
"விழுந்தேன்."
"எழுந்துவிட்டாயா?"
"இன்னும் இல்லை" என்று வந்த பதிலை
இருமலாக மாற்றினாள்.

அடுத்த வில்லையை வலக்கையில் ஒட்டச் சொல்லி
மர்யுக்கா அனுப்பினாள்.
புதன் இரவு பெட்டியைப் பிரித்து
வலக்கையை ஆல்கஹாலில் துடைத்தாள்.
காயும்வரை காத்திருந்தாள்.
பிறகு இடக்கையைத் துடைத்தாள்.

வியாழன். ஒன்று பத்து. அலாரம்.
தாவெத்தி பதறி எழுந்து, வெறுங்காலோடு,
இருட்டில் நாற்காலியில் இடித்து, முனகி,
குளிர்பெட்டியைத் திறந்து
லிங்கன்பெரிச் சாறு ஊற்றிக்கொண்டு வந்தார்.
அதற்குள் போர்வைக்கடியில்
விரலைக் குத்திப் பார்த்திருந்தாள். ஏழு புள்ளி ஒன்று.
ஒன்றுமே இல்லை.

கிளாஸைப் பிடித்திருந்த அவர் கைதான் நடுங்கியது.

வாங்கி முழுதும் குடித்தாள்.

இனி அடுத்த அறிக்கையில்
பள்ளத்தை ஒட்டி ஒரு குன்றும் இருக்கும்.
மர்யுக்கா விடமாட்டாள், கேட்பாள்.