பலகைச் சுவர்

காலை ஏழரைக்கு ஐஸ் கொம்பனியிலிருந்து வருகிறேன்.
பாலையூற்றில் வெயில் அதற்குள்
தகரக் கூரையில் கால் நீட்டிவிட்டது.
செருப்பைக் கழற்றும்போதே பக்கத்து வீட்டில்
மரண அறிவித்தல்.
உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும்
வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட யாரோ ஒருவர்
ஆறு மக்களோடும் மருமக்களோடும்
என் பாயில் முதலில் படுத்துவிடுகிறார்.
மிஞ்சிய இடத்தில் நான்.

பெர்னதேத் பாடசாலைப் பைகளுக்கு
சிப் வைத்துத் தைக்கிறவள். பைக்கு இருபது ரூபா.
பாட்டு வந்தால் கால் தாளத்துக்குப் போய்விடுகிறதாம்,
தையல் கோணுகிறதாம்.
ஆகவே பேச்சு மட்டும். தேசிய சேவை.
பாட்டுத் தொடங்கினால் குமிழைத் திருகிவிடுவாள்;
மூன்று நிமிடம் மெஷின் தனியாகப் பேசும்.

எங்களுக்கிடையில் அரை அங்குலப் பலகை.

ஒன்பதுக்குக் கல்வி ஒலிபரப்பு:
இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமன்.
தூக்கத்திலேயே நிறுவிவிடுகிறேன்.
பிறகு கமக்காரர்களுக்கு.
தத்தி பிடித்த வயலில் நீரை வடிய விடுங்கள் என்கிறார்
போதனாசிரியர். வடிய விடுகிறேன்,
தலையணை நனைகிறது.
பதினொன்றுக்கு ஒரு பேராசிரியர்:
"எச்சம் தன் வினையைத் தேடி நிற்கும்."
நிற்கட்டும்.
நேற்றைய பாராளுமன்றத்தில் கௌரவ உறுப்பினர் ஒருவர்
எண்ணெய்க் குதங்களுக்காகக் கத்துகிறார்.
எங்கள் குதங்கள்தான், சீனக்குடாக் காட்டுக்குள்.
குதங்களுக்கு அது கேட்காது.
எனக்குக் கேட்கிறது.

வியாழன் இரண்டு மணிக்கு வைத்தியரோடு கேள்வி பதில்.
நீரிழிவு, முழங்கால், ஒரு குழந்தையின் சொறி
எல்லாம் முடிந்து அறிவிப்பாளர்
அடுத்த கடிதத்தைப் பிரித்தார். தாள் சரசரத்தது.

"திருகோணமலையிலிருந்து, பெயர் குறிப்பிட விரும்பாத நேயர்.
பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவு வேலை. பகலில் உறங்குவார்.
உறக்கத்தில் எண்ணுகிறார் டொக்டர்.
ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றோடு நின்று, மறுபடி ஒன்றிலிருந்து.
சில நாள் பின்னேரம் வரைக்கும்.
இது என்ன வருத்தம்? அவருக்குச் சொல்லலாமா?"

மெஷின் நின்றிருந்தது.
கண்ணைத் திறந்தேன்.
கூரையில் ஓர் ஆணித் துளை, அதன் வழியாகப்
பகல் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐஸ் கட்டியை எண்ணுகிறேன் என்று நினைக்கலாம்.
அது ஓர் இரவுக்கு இருநூற்று நாற்பது.
பதிவேடு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது.
மூன்று வேறு.

வைத்தியர் மெல்லிய குரல்காரர்.
யன்னலுக்குக் கறுப்புத் துணி போடச் சொன்னார்.
படுக்கப் போகுமுன் தேத்தண்ணி வேண்டாம் என்றார்.
எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இருந்தார்
(வானொலியில் கொஞ்சம் என்பது அதிகம்).
"எழுப்ப வேண்டாம்," என்றார்.
"எண்ணி முடிக்கட்டும்."
பிறகு நிலையத்தின் குறியிசை. அதைக்கூட
அவள் குறைக்கவில்லை.

இவ்வளவு காலமும் நேயர் நான்தான் என்றிருந்தேன்.
பலகைக்கு இந்தப் பக்கமிருந்தும்
ஒலிபரப்பு நடந்திருக்கிறது,
அனுமதிப்பத்திரம் ஏதும் இல்லாமல்.

மறுநாள் காலை கதவுக் கொளுக்கியில் ஒரு பொட்டலம்.
பை தைத்து மிஞ்சிய கறுப்புத் துணி,
யன்னல் அளவுக்கு ஒட்டுப்போட்டு,
நடுவில் ஒரு சிப்.
காற்று வேண்டுமானால் திறக்கலாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும்.
இருட்டில் படுத்தேன்.
மரண அறிவித்தல் மிகத் தாழ்வாக,
ஆளுக்கு நோகாத அளவில் போனது.
இறந்தவர் எந்த ஊர், ஐந்து மக்களா ஆறா,
ஒன்றும் பிடிபடவில்லை.
புரண்டேன்.
மீனவர்களுக்கான வானிலை வந்திருக்க வேண்டும்.
காங்கேசன்துறையிலிருந்து ஏதோ ஓர் ஊர் ஊடாக
ஏதோ ஓர் ஊர் வரைக்கும்.
என் ஊரின் பெயர் கேட்காமல்
எப்படிக் கண்ணயர்வது?

பலகையில் தட்டினேன்.

குமிழ் திரும்பியது:
மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்
காற்று வடகிழக்கிலிருந்து வீசும்.
மெஷின் ஓடத் தொடங்கியது.

எத்தனை தரம் தட்டினேன் என்று
அவள் எண்ணியிருப்பாள்.