பன்னிரண்டு, மூன்று, அறுபத்தேழு

மார்ச் பத்தொன்பது. தேவகோட்டை.
சிலம்பணிப் பிள்ளையாருக்கு மேற்கே, மாடியில்
ஒரு நகைக்கடன் அலுவலகம்.
ஏசி ஓடுகிறது, கதவு மூடாது.

அடைக்கலம் ஏல நோட்டீசை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார்.
வியர்வையில் முத்திரை ஊறிப் போயிருந்தது.
"ஏப்ரல் மூணு வரைக்கும் தவணைன்னு
நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.
மார்ச் நாலுலயே முடிஞ்சு போச்சுன்னு வந்திருக்கு.
எந்தூருக் காலண்டருங்க இது?"

கவுண்டரில் இருந்த உமையாள்
திரும்பி என்னைப் பார்த்தாள்.
பத்து நாள் முன்பு சர்வரை மாற்றியவன் நான்.

பழைய பெட்டி விண்டோஸ்.
யாரோ, என்றோ, அதன் அமைப்புகளுக்குள் நுழைந்து
பிராந்தியம்: இந்தியா என்று தேர்ந்திருக்கிறார்கள்.
அந்த ஒற்றைச் சொல்லின் தயவில்
பதினோரு வருஷம்
நாள் முன்னே நடந்தது, மாதம் பின்னே.
புதிய பெட்டி லினக்ஸ்.
அதற்கு யாரும் ஊர் சொல்லவில்லை.
ஊர் சொல்லாத தேதிக்கு அமெரிக்காதான் ஊர்.

அவர் கணக்கைத் திறந்தேன்.
படிவத்தில் அவர் கையெழுத்து: 12/3/67.
திரையில், பிறந்த நாள் கட்டத்தில்:
3 டிசம்பர் 2067.

"அண்ணே, நீங்க இன்னும் பொறக்கவே இல்லையே"
என்றாள் உமையாள், வாய் தவறி.
சிரித்தது அவர் ஒருவர்தான்.
"அப்பக் கடனும் வாங்கலைன்னு
எழுதிக் குடுத்துருங்க தாயி."

ராத்திரி உட்கார்ந்தேன்.
இரண்டே இலக்கத்தில் வருஷம் எழுதினால்
அறுபத்தெட்டு வரை இனி வருவது,
அறுபத்தொன்பதிலிருந்து போய்விட்டது:
எங்கோ ஒரு குழு கூடிக் கோடு கிழித்திருக்கிறது.
விண்டோஸ்காரர்கள் கோட்டை வேறிடத்தில் கிழித்தார்கள்.
லினக்ஸில் தேதியைப் பிரித்துப் படிக்கும் அந்தச் செயற்கூறு
விண்டோஸில் கிடையவே கிடையாது.
மேக்கில் உண்டு. அதே பெயர், கொஞ்சம் வேறு குணம்.

நேரத்தின் வாலில் ஐ.எஸ்.டி. என்றிருந்தால்
ஒன்று இந்தியா என்கிறது, இன்னொன்று இஸ்ரேல்.
அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்து.
முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து,
"என் மேக்ல சரியாத்தானே வருது?"
இந்தக் கேள்விக்கு இதுவரை
எவனும் பதில் கண்டுபிடித்ததில்லை.

இந்தச் சீமையில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
கோயில் வரிக்குத் தலைக்கட்டு எண்ணுவது அதை வைத்து.
எனக்கோ அது
நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு.
சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் சாய்கோடு.
ஒருவர் வெறும் இடைவெளி விட்டிருந்தார்,
மூச்சு வாங்கியதுபோல.

பதின்மூன்றாம் தேதிக்கு மேல் எழுதியவர்கள் தப்பித்தார்கள்.
பதின்மூன்றாம் மாதம் ஏது என்று இயந்திரம் கத்தியது,
உமையாள் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தியிருந்தாள்.
கத்தாமல் ஏற்றுக்கொண்டவைதான் மாட்டின.
நூற்று நாற்பத்தாறு பேர்.
எல்லோரும் மாத முற்பகுதியில் பணம் தேடியவர்கள்.

நாற்பது வரியில் நானே ஒன்று எழுதினேன்.
இயங்குதளத்திடம் எதையும் கேட்காது.
நாள், மாதம், நாலு இலக்க வருஷம்.
ஒன்று குறைந்தாலும் நின்று ஆளைக் கேட்கும்.

மறுநாள் அவர் வந்தார்.
தொங்கட்டான் பெட்டகத்தில் பத்திரம் என்றேன்.
புதுப் படிவத்தில் தவணைத் தேதிக்கு நேரே
யோசிக்காமல் எழுதினார்: பங்குனி இருபது.
அறையிலிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.
என் நாற்பது வரி நின்று, ஆளைக் கேட்டது.

சோதனைக் கோப்பில் முதல் வரி இப்போது அவர்தான்.
தினமும் இரவு இரண்டு மணிக்கு
விண்டோஸில், லினக்ஸில், மேக்கில்
ஒரே மார்ச்சில், ஒரே பன்னிரண்டில்
மூன்று தரம் பிறக்கிறார்.
பங்குனிக்கு இன்னும் வழி செய்யவில்லை.