அரைப்புள்ளி

கல்யாணத்தன்று எங்கள் இருவரையும் சேர்த்து
நேமங்கோவில் கணக்கில் ஒரு புள்ளி என்று ஏற்றினார்கள்.
நாலாவது வருஷம் மதுரையில்
தேனப்பனின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டரும் அதே சொல்லைத்தான் சொன்னார்:
இங்கே ஒரு புள்ளி. கழுத்தடியில் இன்னொன்று.
இது கொஞ்சம் பெரிசு.

மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள்
லேபில் ஒரு பெண் மூடி போட்ட டப்பாவை நீட்டி
கடைசி அறையைக் காட்டினாள்.
அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவன்
‘மின்விசிறியில மோட்டார் தேஞ்சு கிடக்கு, சொல்லிடு’ என்றான்.
செக்காலை ரோட்டில் மோட்டார் கடை வைத்திருப்பவன்
வேறு எதைச் சொல்வான்?

ஆறு குப்பிகள்.
பால் பாக்கெட் பத்து மணிக்கே திரிந்துபோகிற ஊரிலிருந்து
நான் வருஷாவருஷம் பணம் கட்டுவது
ஒரு குளிருக்கு.
முதல் வருஷம் மருந்துச் சீட்டுகளோடு ஒன்றாய்க் கட்டினேன்.
அடுத்த வருஷம் ஒரு ஜோடி வளையல்.
இந்த வருஷம் வந்த மெசேஜ் கேட்டது:
நீட்டிக்க ஒன்றை அழுத்தவும், நீக்க இரண்டை அழுத்தவும்.

இரண்டு வருஷம் பொறுங்கள் என்றிருந்தார் டாக்டர்.
இரண்டும் போய் மூன்று மாசம்.
பேச்செடுத்தால்
தேனப்பன் காப்பர் விலை ஏறியதைச் சொல்வான்.
இல்லாவிட்டால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வான்,
சட்டைக் காலரைச் சரி செய்கிறவன் மாதிரி.

பிள்ளையார் நோன்பு.
ஆவாரம்பூ வாடும் வாசம், நெய் வாசம்.
சின்னப்பச்சி மாவில் இழையைப் பதித்து
கொளுத்திக் கொளுத்தி நீட்டுகிறார்.
சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.
கொழுந்தன் பெண்டாட்டி உண்ணாமலைக்கு
‘வயித்தில இருக்கிறதுக்கும் சேத்து ரெண்டு’ என்றார்.
அடுத்து நான்.
என் முகத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே பார்க்கவில்லை.
‘ஒண்ணு.’
கூடத்தில் யாரும் எதுவும் பேசவில்லை,
அத்தனை நல்லவர்கள்.

தேனப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.
முந்தின முந்தின வருஷம் அவன் வாயெல்லாம் புண்;
தண்ணீரே எரிந்த நாளில்
சுடரை ஊதி அணைத்து
ஒரு பொட்டு மாவைத்தான் நாக்கில் வைத்தேன்.
இந்தத் தடவை தீ அப்படியே உள்ளே போனது.
வாயை மூடியவன் கொஞ்ச நேரம் திறக்கவேயில்லை.

ராத்திரி கொசுவலையைச் செருகும்போது கேட்டான்:
‘ஆறும் ஒரே தடவையில போயிருமா?’
இல்லை, ஒவ்வொன்றாய் எடுக்கலாம் என்றேன்.
‘அப்ப அஞ்சு தடவை தோத்துக்கலாம்.’

பிறகு இருட்டில் சொன்னான்.
அப்பச்சி போன வருஷம் அவனுக்குப் பத்து வயசு.
கோவில் கணக்கில் ஆத்தாவை அரைப்புள்ளி ஆக்கிய அன்று
மீதிப் பாதி எங்கே போச்சு என்று கேட்டானாம்.
பள்ளிக்கூட ஃபாரத்தில்
அப்பா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று
அவனே எழுத வேண்டியிருந்ததாம்.
வாத்தியார், ‘கையெழுத்து நல்லாருக்கே’ என்றாராம்.

‘எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா
அதை நம்ம பிள்ளைய எழுத விட்றாத.’

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
மார்ச்சில் அடுத்த ஸ்கேன்;
எனக்கும் அவனுக்கும் தேதி தெரியும்.
‘நானே எழுதுவேன்,’ என்றேன்.
‘என் கையெழுத்து உன்னுதை விட மோசம்.’
கட்டில் குலுங்கியது.
சிரிப்பா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை.

காலையில் முதல் பஸ்.
மெசேஜுக்கு ஒன்றை அழுத்தியது அவன் விரல்தான்,
குன்றக்குடி தாண்டும்போது, சிக்னல் விட்டு விட்டு வர,
மூன்று தடவை.
திருப்பத்தூரில் இறங்கி டீ குடித்தான்.
எனக்கும் ஒன்று வாங்கி ஜன்னல் வழியே நீட்டினான்.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.
ரத்தப் பரிசோதனைக்கு
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.