நகக்கண் அளவு சுண்ணாம்பு

கடைசிப் படகு போய்விட்டது.
செயின்ட் ஜான்ஸ் தீவில் இன்றிரவு
நான், சியூ கெங், கணக்கில் வராத பூனைகள்,
தொட்டியில் பதினொரு கடல்முள்ளெலிகள்.
ஸுல்ஹில்மி காலையில் பாறையிடுக்கில் பிடித்தவை.
முள் குத்திய கட்டைவிரலை
இந்நேரம் உட்லண்ட்ஸ் வீட்டில் சப்பிக்கொண்டிருப்பான்.

உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றி
வாயருகே மென்தோலில் செலுத்தினால்
குலுங்கிக் கொட்டிவிடும்.
பால்வெள்ளையாய் வந்தால் ஆண்.
வெளிர்மஞ்சளாய், மணல்போல் இறங்கினால் பெண்.
அதுவரை யார் எது என்று
அவற்றுக்கே தெரியுமோ என்னவோ.

விளக்கை அணை என்றாள் சியூ கெங்.
குளிரூட்டி மட்டும் முனகியது.
நுண்ணோக்கிக்கடியில் ஒரு முட்டை,
ஒளிர்சாயம் குடித்தும் மங்கலாய், சும்மா.

சும்மா என்று சொல்லக்கூடாது.
அரிசி அளந்தாயிற்று, பருப்பு ஊறியாயிற்று,
விறகுகூட அடுக்கியிருக்கிறது.
தீக்குச்சி ஒன்றுதான் பாக்கி.

ஒரு துளி விந்து விட்டேன்.
ஆயிரம் வால்கள் முட்டி மோதின.
ஒன்று ஒட்டியது.

ஒட்டிய கணமே சவ்வின்
எதிர்மின் நேர்மின்னாய்ப் புரளும்.
கண்ணுக்குத் தெரியாது; திரையில் கோடு துள்ளும்.
மற்றவர்களுக்கு இடமில்லை, போகலாம்.

பிறகு ஒன்றுமே நடக்காது.
பத்து விநாடி, பதினைந்து, பதினெட்டு.
எனக்கு இந்த இடைவெளி பிடிக்கும்.
உள்ளே யாரோ யாரிடமோ சொல்ல,
அவர் போய் ஒரு கொழுப்பை இரண்டாய் நறுக்க,
நறுக்கிய துண்டு நீந்திப்போய்
கால்சியக் கிடங்கின் தாழ்ப்பாளைத் தொடுகிறது.

விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம்.
அது பக்கத்துக் கிடங்கை எழுப்ப,
பக்கத்துக் கிடங்கு அடுத்ததை எழுப்ப,
முட்டையின் மறுகரைவரை
வெளிச்சம் நடந்துபோனது.

பஃபலோ ரோட்டில் வெற்றிலைக் கடைக்காரர்
நகக்கண்ணில் எடுத்துத் தடவுவாரே சுண்ணாம்பு,
அவ்வளவுதான்.
அவ்வளவில்தான் வாய் சிவக்கிறது.
ஒரு திருத்தம்:
இந்தச் சுண்ணாம்பை வந்தவன் கொண்டுவரவில்லை.
அவளுடையது.
முந்தானையில் முதலிலிருந்தே முடிந்துவைத்திருந்தாள்.

அலை போன வழியெல்லாம்
தோலுக்கடியில் குறுமணிகள் வெடிக்க,
எண்ணெயில் விட்ட பூரிபோல்
மேலுறை உப்பி விலகியது.
பின்தங்கியவர்கள் வெளியே வாலாட்டினார்கள்.

சியூ கெங் அடுத்த கிண்ணத்தை வைத்தாள்.
இதில் விந்தணு கிடையாது.
கால்சியத்துக்குக் கதவு திறந்துவிடும்
மருந்து மட்டும் ஒரு சொட்டு.
எழுந்தது.
அதே வெளிச்சம், அதே உறை,
மூச்சுக்கூட அதேபோல் கூடியது.
ஆனால் இரண்டாகத் தெரியாமல்
உட்கார்ந்துவிட்டது, தலைசீவிப் பூவும் வைத்துக்கொண்டு
எங்கே கிளம்பினோம் என்று மறந்தவள்போல்.

முப்பத்தாறு வயதில் நான் கொடுத்துவைத்தவை
ஒன்பது.
நகரத்தில், திரவ நைட்ரஜனில்.
ஆண்டுக்கொருமுறை வாடகைச் சீட்டு வரும்,
பெயர் எழுத்துப்பிழையோடு.
எடுக்கவேண்டுமென்றால்
சட்டம் திருமணச் சான்றிதழ் கேட்கிறது.
படிவத்தில் அந்த வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டேன்.
தாதி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு மணி பத்து நிமிடம்.
சியூ கெங் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள்.
சன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள்
தூங்காத ஒரு தெருவைப்போல.

முதல் முட்டையின் நடுவே
ஒரு மடிப்பு விழுந்தது.
எழுப்பலாமா என்று யோசித்தேன்.
குறிப்பேட்டில் நேரம் போட்டு
‘இரண்டு’ என்று மட்டும் எழுதினேன்.

பிறகு, அந்த இன்னொரு கிண்ணத்தையும்
ஒருமுறை பார்த்துவைத்தேன்.