இல்லாத பிரேக்

வெரஹெரவில் ட்ரையல் பாஸான மறுநாள்
எல் போர்டைக் கழற்றி
பின் சீற்றுக்கடியில் வைத்தேன்.
பிறகு மூன்று கிழமை
கார் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலேயே நின்றது.
காகங்கள் அதை நன்றாகப் பாவித்தன.

நாற்பத்து நான்கு வயது.
கைப்பையில் லைசன்ஸ்.
வேலைக்குப் போனது ஓட்டோவில்.

ஷிஹாராவுக்குப் போன் எடுத்தது அதற்குப் பிறகுதான்.
"பாஸானவங்களுக்கு மட்டுந்தான் நான் படிச்சுக் குடுக்கிற.
பாஸாகிறது வேற, ஓடுறது வேற."
மழை பெய்தால் வகுப்பு இல்லையா என்று கேட்டேன்.
மழை பெய்தால்தான் வகுப்பு என்றாள்.
இருபத்தாறு வயது இருக்கும்.
கறுப்பு அபாயாவின் கீழ்
மஞ்சள் நாடா கட்டிய சப்பாத்து.

லேர்னர்ஸ் காரில் சொல்லித் தருபவர் பக்கமும்
ஒரு பிரேக் இருந்தது.
என் ஆல்டோவில் அது இல்லை.
என்றாலும் தெமட்டகொடைப் பாலத்தில்
அவளுடைய வலது கால்
வெறும் விரிப்பை ஓங்கி மிதித்தது.
"பழக்கம்" என்று சிரித்தாள்.
மருதானையில் மறுபடியும் பழக்கம்.
ஆமர் வீதியில், கொள்கலன் லொறிக்கும்
தள்ளுவண்டிக்கும் நடுவில்,
நாங்கள் இரண்டு பேருமே மிதித்தோம்.
என்னுடையது கிளச்.

புதுக்கடை நீதிமன்றத்தில்
நான் மொழிபெயர்ப்பாளர்.
விபத்து வழக்குகள்தான் அதிகம்.
சாட்சி 'ஹதிசியேம' என்பார்,
நான் 'திடீரென' என்பேன்.
திடீரெனச் சிறுவன் குறுக்கே ஓடினான்.
திடீரென மோட்டார் சைக்கிள்.
திடீரென, ஒரு தடவை, மாடு.
பதினேழு வருடமாய் அந்த ஒரு சொல்லைச்
சத்தியப்பிரமாணத்தின் மேல் நின்று
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத்
தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் இதைச் சொன்னபோது
பேஸ்லைன் வீதிச் சிவப்பு விளக்கில் நின்றோம்.
"திடீர்னு ஒண்ணும் வாறல்ல," என்றாள்,
"நாங்கதான் சுணங்கிப் பாக்கிற."

பிறகு பார்க்கச் சொல்லித் தந்தாள்.
ஓட்டோக்காரன் கையைப் பார்க்காதே, கை பொய் சொல்லும்,
முன்சில்லு சொல்லாது.
ஓரத்தில் நிற்கும் காருக்குள் தலை தெரிந்தால்
அந்தக் கதவு ஏற்கனவே திறந்தாயிற்று.
தேங்கிய தண்ணீர் தட்டையாய்த் தெரிந்தால் நம்பாதே.
நின்ற பஸ்ஸுக்கு
முன்னாலும் பார்க்காதே, பக்கத்திலும் பார்க்காதே,
அடியில் பார்.
அங்கே கால்கள் இருக்கும்.

ஆறாம் வகுப்பு. பொரளை. பின்னேரம் ஐந்தரை.
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைத்தது.
103 பாதி வீதியை மறித்து நிற்க
கண்டக்டர் தகரத்தில் அடித்து
யமு யமு என்று கத்திக்கொண்டிருந்தான்.
பின்னால் ஹோர்ன். அதற்கும் பின்னால் ஹோர்ன்.
ஆட்களை இறக்கி முடித்த பஸ்ஸின் அடியில்,
சேற்றுத் தண்ணீரில்,
நீல ரப்பர் செருப்பு ஒரு சோடி.
பக்கத்தில் ஒரு குடையின் கூர்.
செருப்புகள் என் பக்கம் திரும்பின.

மிதித்தேன்.

குடையைத் தாழப் பிடித்த மனிதர்
எங்களை ஏறிட்டும் பார்க்காமல்
கடந்து போனார்,
கையில் பாண், சொப்பிங் பையில் சுற்றி.

இடப்பக்கம் பார்த்தேன்.
மஞ்சள் நாடாக் கால்
மற்றக் காலின் மேல் மடிந்தபடியே கிடந்தது.
ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.
"சிக்னல் இன்னும் அடிச்சிட்டிருக்கு,
நிப்பாட்டுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு லொறிச் சாரதி
கூண்டில் ஏறினார்.
சட்டை புதிது, மடிப்புக் கலையாதது.
பஸ்ஸுக்கு முன்னால் இருந்து, ஹதிசியேம, என்றார்.
நான் நிறுத்தினேன்.
நீதவான் பேனையிலிருந்து தலை நிமிர்த்தினார்.
சாட்சி சொன்னதைத்தான் நான் சொல்லவேண்டும்,
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

திடீரென, என்றேன்.

மேசைக்குக் கீழே என் வலது கால்
சீமெந்துத் தரையை
அழுத்திக்கொண்டிருந்தது.