துப்பு

எச்சில் துப்பினால் அபராதம் போடும் ஊரில்
துப்பக் கற்றுத்தர ஒரு வகுப்பு.
டக்ஸ்டன் ரோடு, பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடி,
சனிக்கிழமை மூன்று மணி.
ஆளுக்கு ஆறு கண்ணாடிக் கோப்பை,
ஒரு கறுப்பு வாளி.

நான் ஜூரோங் வெஸ்ட் பேரங்காடியில் கல்லாக்காரி.
பக்கத்துக் கல்லா ரொகாயா போத்தலைத் தொடமாட்டாள்.
பாலும் டயப்பரும் அவள் பக்கம் போக
ஒயின் எல்லாம் என்னிடம் வந்துவிடும்.
பதினொரு வருடமாக
கழுத்தைப் பிடித்துத் தூக்கி
கோடுகளை விளக்கில் காட்டி
வலைச்சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறேன்,
உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல்.
பத்தரைக்கு மேல் விற்கக்கூடாது, அது தெரியும்.
பத்து முப்பத்தொன்றுக்குக் கெஞ்சிய முகங்கள்
ஒவ்வொன்றும் தெரியும்.

பயிற்சிக் கணக்கில் பணம் சும்மா கிடக்கிறதே,
கேக் அலங்காரம் படியேன் என்றாள் மகள்.
திரையில் என் விரல் இதன்மேல் பட்டுவிட்டது என்று
அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மூக்கை நன்றாக உள்ளே விடுங்கள், வெட்கம் வேண்டாம்
என்கிறார் மிஸ் குவெக்.
பெஞ்சமின், வங்கிக்காரர், கண்ணை மூடிக்கொண்டு
'ஈரக் கல்' என்றார்.
ஹுய் மின்னுக்கு வெட்டிய புல்.
எனக்கு முதல் கோப்பையில் கிடைத்தது
லிஃப்டுக்குள் யாரோ விட்டுப்போன சென்ட்.
கொடுத்த தாளில் வட்டம் வட்டமாய் வாசனைகள்.
நெல்லிக்காய் இருந்தது, நம் நெல்லி இல்லை.
பிளாக்கரண்ட் இருந்தது,
ரிபீனா போத்தலின் படத்தில் மட்டும் நான் பார்த்த பழம்.
நாவல் இல்லை. பலா இல்லை. விபூதி இல்லை.
நான்காவது கோப்பை சத்தியமாக விபூதி.
எழுதினேன்,
அடித்துவிட்டுப் 'புகை' என்று எழுதினேன்.

இந்த வகுப்புக்கு வரும்வரை
மது என்றால் எனக்கு ஒரே வாசனைதான்.
அதற்கு ஒரு ஆளின் பெயர் உண்டு.
தாளில் அந்தப் பெயரும் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாவது, கருஞ்சிவப்பு.
வாய்க்குள் போனதும் ஓர் இழுப்பு.
கன்னம் இரண்டும் பல்லோடு ஒட்டிக்கொண்டது,
மாதுளைப் பிஞ்சைத் தோலோடு கடித்தாற்போல.
இது சுவை அல்ல, தொடு உணர்ச்சி என்றார் மிஸ் குவெக்.
எல்லாரும் சொல் தேடினார்கள்.
காய்ந்த. சொரசொர. தேயிலைப் பை. பூனை நாக்கு.
என் கை எப்போது உயர்ந்ததோ,
"துவர்ப்பு."
"துவாஸா?" என்றார் பெஞ்சமின்.
சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்தான்.
சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது,
பிறகு மறுபடி சொன்னேன்:
எங்கள் கணக்கில் சுவை ஆறு, அதில் இது ஒன்று,
எங்கள் நாக்கு இதை வெளியே நிறுத்துவதில்லை.
மிஸ் குவெக் பலகையில் எழுதிக்கொண்டார்,
ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு 'ர்' விழுங்கி.
பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இனித் துப்பலாம்.
மற்றவர்கள் உதடு குவித்து
நூல்போல வாளிக்குள் இறக்கினார்கள்.
எனக்குத் தாடையில் வழிந்தது, சட்டையில் ஒரு பொட்டு.
துப்புக் கெட்டவளே என்று
தெலோக் பிளாங்கா வீட்டுச் சமையலறையில்
இருபது வருடம் முன்பு கேட்ட குரல்
வாளி விளிம்புவரை வந்து நின்றது.
ஆறாவதை விழுங்கிவிட்டேன்.

பூன் லே ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.
எதிர்க் கண்ணாடியில் பார்த்தால்
உதடெல்லாம் ஊதா.
கைக்குட்டை இருந்தது, துடைக்கவில்லை.

மறுநாள் இரவு வேலை.
ஈரக் குடையோடு ஓடிவந்த ஒருவர்
போத்தலைக் கல்லாவில் வைக்கிறார்.
சீட்டைப் பார்த்தேன். அதே ஐந்தாவது.
அரை மணி திறந்து வையுங்கள், துவர்ப்பு கொஞ்சம் இறங்கும்,
ஆட்டுக்கறி இருந்தால் இன்னும் நல்லது
என்று வாய்வரை வந்துவிட்டது.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்து முப்பத்தொன்று.

நாளைக்கு வாங்க என்றேன்.