ஐயாயிரத்து ஒன்றாம் கதவு

புதுவயல் அரிசி ஆலை, எடைமேடை அறை.
மேசையில் தவிட்டுத் தூசி, துடைக்கத் துடைக்க.
காலையிலேயே ஒயரில் ஒரு காதை மாட்டிவிட்டுக்
காத்திருந்தேன், எப்போது கெடும் என்று.
கெட்டது.
சவரிமுத்துவின் லாரி மேடைமேல் நாற்பது நிமிடமாய்.
எடை தெரிகிறது. ரசீது வரவில்லை.

பிடித்து வைத்ததைத் திறந்தால் ஒரே இரைச்சல்.
கேமராக்கள் நெல் காயும் களத்தை
ஓயாமல் ஒப்பிக்கின்றன.
பிரிண்டர், யாராவது இருக்கீங்களா என்று
ஊரையே கேட்கிறது.
யாரோ ஆலை வைஃபையில் சீரியல் பார்க்கிறார்கள்
(வயிரவன் அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்).

இதற்குள் ஒரு பேச்சை மட்டும் கேட்க
நாலு எண் போதும்:
இந்தப் பக்கத்து முகவரி, அதன் கதவு,
அந்தப் பக்கத்து முகவரி, அதன் கதவு.
மென்பொருள் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும்.
எடைப்பெட்டியும் கணக்கு சர்வரும் பேசியது
நாற்பத்தேழு.
அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.
அறையே அமைதியானது மாதிரி இருந்தது,
வெளியே உமி ஊதும் காற்றாடி
அலறிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பது பதினொன்று.
வரலாமா.
வா, நானும் வரலாமா.
வா.
பிறகு எடைகள். 12,480. வந்தது. 9,315. வந்தது.
பதினொன்று ஐம்பத்திரண்டில்
ஒரு எடை பாதி வழியில் நிற்கிறது.

"கரண்டு போச்சுல்ல," என்றார் வயிரவன்,
"ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிஷம்."

பெட்டி செத்துப் பிழைத்திருக்கிறது. நினைவு சுத்தம்.
எழுந்ததும் தட்டியது அதே ஐயாயிரத்து ஒன்றாம் கதவிலிருந்து;
வேறு எண் கொடுக்க, செய்தவனுக்குச் சோம்பல்.
சர்வருக்கு யுபிஎஸ் உண்டு. அதற்கு எதுவும் போகவில்லை.

வரலாமா.
எண்பத்தோராயிரத்து அறுநூறாம் எழுத்தில் நிற்கிறோம், மேலே சொல்.
வரலாமா.
மேலே சொல்.
ஒரு நொடி விட்டு, இரண்டு விட்டு, நான்கு, எட்டு,
வரலாமா.

மென்பொருள் மட்டும் கண்டுகொண்டது:
நாலு எண்ணும் அதேதான்,
தொடங்கிய இடம் வேறு.
புதிதாய் அறுபத்துமூன்று என்று எழுதியிருந்தது.

அந்நேரம் ஜன்னல் கம்பிக்கு அப்பால் சவரிமுத்து.
இப்பால் கணக்கர் நாச்சியப்பன்.
"ரசீது குடுங்கய்யா."
"போன மாசம் நாலு மூட்டை குறைஞ்சுது."
"அது பேசி முடிச்சாச்சு. இது வேற லோடு."
"நாலு மூட்டை."
"ரசீதுய்யா."
நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டியைத் திருத்த முடியாது, கம்பெனியே மூடிவிட்டது.
சர்வரிடம் சொல்லிவைத்தேன்:
முப்பது நொடி சத்தமில்லையென்றால்
முடிந்தது என்று எடுத்துக்கொள்.
சோதிக்கப் பெட்டியின் பிளக்கை நானே பிடுங்கினேன்,
நாற்பது எண்ணினேன், சொருகினேன்.

வரலாமா.
வா.

14,260 கிலோ. பிரிண்டர் கிறீச்சிட்டது.
லாரி கந்தனூர் பக்கம் திரும்பியது.
நாச்சியப்பன் ரசீதின் நகலைப் பேரேட்டில் ஒட்டினார்,
நேராக, ஓரம் மடங்காமல்.
பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து
அதன் மூலையில் சின்னதாய் எழுதினார்:
பழைய பாக்கி, 4.